முந்நூற்றுப் பன்னிரண்டாம் மரம்

"ஈரத்துணியில அப்பா ஒரு கட்டு சுத்தி வச்சிருந்தாரே, அது எங்க?" ராதோய்கா ஃபிரிட்ஜுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் துழாவினாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த இறைச்சித் தட்டுகளும், சாவுச் சடங்குக்கு வேகவைத்த கோதுமையும்தான் இருந்தன.

"அந்தச் சுள்ளிக் கட்டா? இறைச்சி வைக்க இடமில்ல, எடுத்து ஜன்னல்ல போட்டேன்," என்றாள் ஸ்தனீயா அத்தை.

துணி வெயிலில் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. ஒரு குச்சியை நகத்தால் கீறினாள். பழுப்பு. இன்னொன்று. பச்சை, உயிர் இருந்தது.

பத்து வருடங்களாக, பழம் சிவக்கும் நாட்களில் அப்பா திஹோமிர், திரேன் என்னும் புளிப்புப் பழக் காட்டு மரங்களைத் தேடி மலையேறுவார். பழத்தை நிறுப்பார், கொட்டையை எடுத்துவிட்டு மறுபடி நிறுப்பார், தின்று பார்ப்பார். "நீ தேற மாட்ட" என்று மரத்திடமே சொல்லிவிட்டு அடுத்ததற்கு நடப்பார். நானூறு மரங்களில் ஒன்றுதான் தேறியது, முந்நூற்றுப் பன்னிரண்டாவது. கட்டைவிரல் பருமன் பழம், இத்தனூண்டு கொட்டை. பாதையை அகலப்படுத்த அதை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வியாழக்கிழமை காலையில் ஏறி, ஒட்டுக்குக் குச்சி வெட்டிக்கொண்டு இறங்கினார். மதியத்துக்குள் மரம் விழுந்துவிட்டது. வீட்டில் காப்பி கேட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இன்று சனிக்கிழமை. இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். ராதோய்கா வாசலுக்குப் போனாள், சவப்பெட்டியருகே வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். கடைசியில் ஒட்டுக்கத்தியை எடுத்தாள்.

"அடியே, பொணத்த நடுவீட்ல வச்சுக்கிட்டு எங்கடி கிளம்பிட்ட?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது அத்த."

"காஞ்சா காயட்டும்! அந்த மரத்துக்குப் பின்னால அலைஞ்சுதானே என் தம்பி நெஞ்சக் கெடுத்துக்கிட்டான்?"

 புதன்கிழமை இதையேதான் ராதோய்காவும் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே பூட்ஸுக்கு எண்ணெய் போட்டார்.

கொல்லையில், ஒட்டுப்போட வளர்த்த கன்றுகள் பென்சில் பருமனில் வரிசையாக நின்றன. எப்போதும் அப்பா வெட்டுவார், அவள் நாடா கட்டுவாள். குச்சியிலிருந்து சீவிய முதல் மொட்டு வழுக்கி மண்ணில் விழுந்தது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதைக் கன்றின் பட்டைக்குள் செருகிவிட்டாள். நாடாவை எடுக்க விரலைத் தளர்த்தியதும் அது நழுவியது.

"இப்படி வெட்டுனா உன் விரலத்தான் ஒட்டுவ." பின்னால் அத்தை நின்றிருந்தாள். கறுப்புப் பாவாடையைச் சற்றே தூக்கிக்கொண்டு மண்டியிட்டாள். "நீ செருகு, நான் கட்டுறேன். எங்கேருந்து சுத்தணும்?"

"கீழேருந்து. மொட்ட மூடக் கூடாது."

"இறுக்கவா?"

"இறுக்கு."

பச்சை மாறாத மொட்டுகள் ஏழு தேறின.  ஆறாவதைக் கட்டும்போது, "ஒண்ணாவது பிடிக்குமாடி?" என்று நிமிராமலே கேட்டாள் அத்தை.

"மூணு வாரம் போனாத்தான் தெரியும்."

முன்வாசலில் பாதிரியாரின் குரல் கேட்டது. யாரோ ராதோய்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க!" என்று அத்தை கத்திவிட்டு, கடைசி நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது. அத்தையின் கறுப்புக் காலுறைகளில், பாவாடை விளிம்புக்குக் கீழே முட்டியருகே, இரண்டு வட்டமாக ஈரமண் அப்பியிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.