கோட்டம் எடுக்கும் நேரம்

வாருங்கள்! கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் உடலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்வாசலுக்கு வாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள சந்தில் நடக்கும் அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள். குடியை உதறி எழுந்து, மனிதராக வாழ்ந்து, மனிதராகவே மறைந்த ஒருவரின் வீட்டில், அவர் உடல் வெளியேறும் முன்னே, அவர் பெயரைச் சொல்லியே ஒரு புட்டி திறக்கப்படுகிறது!

திறந்தவன் இறந்தவரின் உடன்பிறந்த தம்பி.

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் மொள்ள வந்த இறந்தவரின் மனைவி அதைக் கண்டு நின்றாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க பொண்ணு நாளைக் காலைலதான் வந்து சேருது. அதுவரைக்கும் இவங்கல்லாம் முழிச்சிருக்கணும். வெறும் வயித்தோடயா?"

"வயித்துக்குச் சாப்பாடு இருக்கு தம்பி."

"துக்கத்துக்கு?" என்று கேட்டவன் கோப்பையை நீட்டினான். அவளிடம் அல்ல, தொட்டியோரம் நின்ற மின்பணியாளரிடம்.

அவரை எல்லோரும் ஃபியூஸ் என்றே அழைத்தார்கள். போதையில் கம்பத்தில் ஏறி ஒரு தெருவையே இருட்டாக்கியதற்கு ஊர் தந்த பட்டம். குடியை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

"அண்ணன் போனதுக்கே ஒரு வாய் குடிக்கலேன்னா நீ என்னய்யா மனுஷன்?"

ஃபியூஸின் கை கோப்பையை வாங்கியது. வாங்கிய கை நடுங்கியது. கோப்பை உதட்டுக்கும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

அந்த நடுக்கத்தை அவள் அறிவாள். ஒரு காலத்தில் அவள் கணவரின் கைகளும் பொழுது சாயும்போது இப்படித்தான் ஆடின. மருத்துவமனை உடம்பிலிருந்து நஞ்சை இறக்கியது. மாலைப் பொழுதை யார் இறக்கி வைப்பது? அவர் அதற்கும் ஒரு வழி கண்டார். வீட்டை ஒட்டியிருந்த தம் சைக்கிள் கடையில் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றுவார். கோணலாக ஆடும் இடத்தில் கம்பிகளை முறுக்கி நேராக்குவார். கோட்டம் எடுப்பது என்பார்கள் அந்தத் தொழிலில். கண் அங்கேயே நிற்க வேண்டும். மூச்சு அடங்க வேண்டும். கை தடுமாறினால் சக்கரம் காட்டிக்கொடுத்துவிடும்.

தமக்குப் பலித்த வழியைத் தமக்கென்று பூட்டி வைத்துக்கொண்டாரா? இல்லை! விழுந்து கிடந்தவர்களைத் தேடிப் போனார். தையற்காரர் வந்தார். பேருந்து ஓட்டுநர் வந்தார். கடைசியாக ஃபியூஸ் வந்தார். தம்மைப் பெற்ற தாய் இறந்த நாளிலும் அவள் கணவர் அந்த மாலை நேரத்தில் கடையைத் திறந்தார். கல்நெஞ்சன் என்று உறவு தூற்றியது. அவர் சக்கரத்தைச் சுழற்றினார்.

இன்று காலை, மரியாதை என்று எண்ணி அந்தக் கடையைப் பூட்டியவள் அவளேதான்.

"ஃபியூஸு, அதக் கீழ வை. கடையத் தொறக்கப் போறேன்."

தம்பி பதறினான். "இன்னிக்கா? பொணத்த நடுவீட்டுல வச்சுக்கிட்டு? நாலு பேரு காறித் துப்புவாங்க அண்ணி!"

"அவரு தெருவுல விழுந்து கெடந்தப்பவும் துப்புனாங்க தம்பி. பழகிப்போச்சு."

இரும்புக் கதவு பேரோசையுடன் மேலேறியது. கூடத்து அழுகை ஒரு கணம் நின்றது. முதலில் தையற்காரர் எழுந்து வந்தார்.

"ஒக்காந்து பாயப் பிச்சுக்கிட்டே இருந்தேம்மா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பாயே மிஞ்சியிருக்காது."

பின்னாலேயே ஓட்டுநர் வந்தார். ஃபியூஸும் வந்தார், வெறுங்கையோடு.

ஆனால் கடையில் வேலை இல்லை. சுவரோரம் நின்ற சக்கரங்கள் எல்லாம் நேற்றே நேராக்கப்பட்டவை. ஃபியூஸ் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். பார்வை பின்வாசல் பக்கம் நழுவியது.

"ஒண்ணும் இல்லியே அக்கா. நான் கெளம்பறேன்."

"நில்லு."

அவள் கணவரின் சொந்த சைக்கிளைக் கவிழ்த்தாள். முன்சக்கரத்தைக் கழற்றித் தாங்கியில் மாட்டிச் சுழற்றினாள். மயிரிழை பிசகவில்லை. கம்பி முறுக்கும் சாவியை எடுத்தாள். இங்கே ஒரு கம்பி, அங்கே இரண்டு என்று தளர்த்தினாள். மறுபடி சுழற்றியபோது சக்கரம் தள்ளாடியது.

"அய்யோ அக்கா! அண்ணன் வண்டி! நல்லாத்தான இருந்துச்சு?"

"இத்தன நாளா நீ சரி பண்ணதெல்லாமும் நல்லாத்தான் இருந்துச்சு. தெனம் அவ்வளவு சக்கரமா ஊருல கெட்டுப்போகுது? மத்தியானம் சாப்பிட்டதும் ஒங்க அண்ணனே ஒக்காந்து தளர்த்தி வைப்பாரு. 'ஏங்க, நல்லா இருக்கறதப் போயி கெடுக்கறீங்க'ன்னு கேட்டா, 'சாயங்காலம் ஆளுங்க வருவாங்கல்ல'ம்பாரு."

தையற்காரர் சுவரோரம் நின்ற சக்கரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவி மனுஷன்" என்றார். "எத்தன வருஷம்! நானும் என்னைய பெரிய மெக்கானிக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." சிரிக்கத் தொடங்கியவர் முகத்தைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டார்.

ஃபியூஸ் தாங்கியின் முன்னே உட்கார்ந்தார். சாவி முதல் கம்பியில் பிடிபடாமல் வழுக்கியது. மறுபடி வைத்தார். பிடித்தது. அரைச் சுற்று முறுக்கினார், சுழற்றினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அடுத்த கம்பிக்குப் போனார். வெளியே தெரு விளக்குகள் எரியத் தொடங்கியதை அவர் கவனிக்கவில்லை.

இறந்தவரின் தம்பி கடை வாசல்வரை வந்து நின்றான். உள்ளே வரவும் இல்லை. திரும்பிப் போகவும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமலே ஓட்டுநர் தாம் உட்கார்ந்திருந்த பலகையில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

படிக்கும் தோழர்களே! உங்கள் தெருவிலும் பொழுது சாயும். குடியை விட்டுவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். கதவைத் திறங்கள். அவர் கைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். நகர்ந்து உட்காருங்கள்.