பத்தாவது புள்ளி

நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது, ஆனாலும் குடும்பத்தில் அவள் பெயர் சின்னவள்தான். மேலே ஒரு அக்கா இருந்துவிட்டால் அப்படித்தான். தலை நரைத்தாலும் பதவி உயர்வு கிடையாது.

சின்னவள் வேலை பார்ப்பது முகச்சுருக்கம் போக்குகிற ஒரு கிளினிக்கில். அங்கே வருகிறவர்களை நோயாளி என்று சொல்ல நாக்கு வராது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வயதாகிவிட்டது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நெற்றிக்கு ஊசி, கன்னத்துக்கு லேசர், கழுத்துக்கு கிரீம் என்று ஆளுக்கொரு கவலையோடு வந்து உட்கார்வார்கள். டாக்டரம்மா முகத்தை அழுத்திப் பார்த்து, "நெத்திக்கு அஞ்சு, புருவ நடுவுல அஞ்சு" என்று கணக்குச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். சின்னவள் மூன்று போட்டோ எடுத்து, ஊசி இறங்க வேண்டிய இடங்களில் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைப்பாள். டாக்டரம்மா திரும்பி வந்து வெள்ளை தெரிகிற இடத்தில் குத்துவார். வெள்ளை இல்லாத இடத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பதினெட்டு வருஷமாக ஒரு புள்ளி பிசகியதில்லை, அந்த நம்பிக்கை.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த நாற்காலியில் வந்து சாய்ந்தது யாரென்று பார்த்தால், அவளுடைய அக்கா! முந்தின நாள் ராத்திரி போனில் அரை மணி நேரம் பேசியிருக்கிறாள், ஒரு வார்த்தை விட்டிருக்க வேண்டுமே? ம்ஹூம்.

"என்னக்கா, இங்க வந்து உக்காந்திருக்க?"

"ஏன், நான் வரக்கூடாதா? ஊர்ல இருக்கற கிழவியெல்லாம் உன்கிட்ட வந்து குமரியாகிப் போறாங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒழுங்கா சொல்லு. என்ன பண்ணணும்?"

பெரியவள் ஆள்காட்டி விரலைத் தூக்கி இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்தாள். "இந்தக் கோடு. இது போகணும். டாக்டர்கிட்ட பேசிட்டேன். அப்படியே நெத்தியும் சேர்த்துப் போட்டாத்தான் நல்லாருக்கும்னு சொன்னாங்க. பத்து ஊசியாம்."

சின்னவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். ஊர் முகத்திலெல்லாம் அழித்தாயிற்று, அதிலெல்லாம் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்தக் கோட்டையா?

அது அம்மாவின் கோடு.

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ரிப்பேர் மேஜையில் இருந்தாள். முப்பது வருஷம். கடுகு அளவு திருகாணியைக் கிடுக்கியால் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பொருத்துவாள். அப்படிப் பொருத்திப் பொருத்தி இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆழமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. மாட்டி முடித்ததும் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு புருவத்தை மட்டும் மேலே ஏற்றி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்தப் பார்வையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பெண்கள் இரண்டு பேரும் பொய் சொன்னால் அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். ஒற்றைப் புருவத்தை மெல்ல ஏற்றுவாள். அவ்வளவுதான். "இல்லம்மா, பரீட்சை பேப்பர் இன்னைக்கே குடுத்துட்டாங்கம்மா" என்று தானாக வாயிலிருந்து வந்துவிடும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு பொய் சொல்லலாம்.

அவ்வளவு பேசிய முகம், ஒரு போட்டோவில்கூட இல்லை. கேமராவைக் கண்டால் அம்மா கல்லாகிவிடுவாள். இருக்கிற மூன்று போட்டோவிலும் கோடும் இல்லை, புருவமும் இல்லை. யாரோ ஒரு அம்மாள் பஸ் பாஸுக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பாள்.

கடைசி மூன்று வருஷம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு அம்மா போய் இரண்டு வருஷம். அம்மாவின் அலமாரியைக் காலி பண்ணின அன்றைக்கு, மிச்சமிருந்த மருந்து பாட்டிலைத் திருப்பி அக்கா எதையோ உற்றுப் படித்தாள். சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தே விட்டாள். அதே இடம், அதே ஆழம், அதே கோடு. எப்போது வந்து உட்கார்ந்ததோ அக்காவின் நெற்றியில்! அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவையாவது அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. அக்காவைப் பார்க்கப் போவதாகப் பேர். உண்மையில் அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். இது அக்காவுக்குத் தெரியாது.

"முதல்ல போட்டோ" என்றாள் சின்னவள். "சும்மா பாரு... சரி. இப்ப கோவமா பாரு."

பெரியவள் புருவத்தை நெரித்தாள். கேமராவின் சின்னத் திரையில் அம்மா வந்து முறைத்தாள். சின்னவள் எடுத்த முதல் போட்டோ கலங்கிப்போனது. இன்னொன்று எடுத்தாள்.

"இப்ப புருவத்தை மேல தூக்கு."

பெரியவளுக்கு இரண்டு புருவமும் சேர்ந்துதான் ஏறும். அம்மாவின் வித்தை அவளுக்கு வராது. சின்னவளுக்கும் வராது. சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பேரும் மணிக்கணக்காய் முயற்சி பண்ணி, தலைவலிதான் மிச்சம்.

கையுறையை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தாள். புருவ நடுவில் ஐந்து புள்ளி. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா வட்ட டப்பாவிலிருந்து கோல்டு கிரீமை எடுத்து இப்படித்தான் வைப்பாள். நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. ஐந்தையும் தேய்த்துவிட்டு, விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதைத் தன் புறங்கையில் துடைத்துக்கொள்வாள். அம்மா தன் தோலுக்குச் செய்துகொண்டது வாழ்நாள் முழுக்க அந்த மிச்சம் ஒன்றுதான்.

நெற்றியில் நாலு புள்ளி வைத்தாள். இடது ஓரத்தில் ஐந்தாவதையும் வைத்தாள். மொத்தம் பத்து. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இது வேண்டாமே. கன்னத்துக்கு ஏதாவது பண்ணிக்கோ, கண்ணுக்குக் கீழ பண்ணிக்கோ. இதை மட்டும் விட்டுடு."

"ஏன்?"

"இது அம்மா, அக்கா. வேற எங்கயும் இல்ல. உன் மூஞ்சியிலதான் இருக்காங்க. இதையும் அழிச்சுட்டா நான் எங்க போய் பாப்பேன்?"

 பெரியவள் கூரையைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள், மெதுவாக.

"நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவ. வாசல்ல உன் செருப்பு சத்தம் கேட்டதும் அம்மா தலையைச் சீவிக்குவாங்க. நீ ஏதாவது அளப்ப, அவங்க புருவத்தைத் தூக்குவாங்க, ரெண்டு பேரும் சிரிப்பீங்க. சாயங்காலம் நீ போயிடுவ. அதுக்கப்புறம்?"

சின்னவள் கீழே வைத்த பென்சிலை எடுத்து மறுபடி வைத்தாள்.

"மாத்திரையைக் குடுத்தா முறைப்பாங்க. குளிக்கக் கூப்பிட்டா முறைப்பாங்க. துணி மாத்துனா முறைப்பாங்க. மூணு வருஷம்டி. உனக்குக் கிடைச்சது ஞாயித்துக்கிழமை அம்மா. எனக்குக் கிடைச்சது திங்கள்லேர்ந்து சனி வரைக்கும். ஒரு நாள் நானும் கத்திட்டேன், 'என்னை ஏன் இப்படிப் படுத்தறீங்க'ன்னு. அப்பவும் அதே முறைப்பு. இப்ப தெனமும் காலையில பல்லு தேய்க்கறப்ப கண்ணாடியில வந்து நின்னு அதே மாதிரி முறைக்கிறாங்க. நான் என்னடி தப்பு பண்ணேன்? எவ்வளவு நாளைக்குத்தான் முறைப்பாங்க?"

சாய்ந்து படுத்திருப்பவளின் கண்ணீர் கன்னத்துக்கு வராது. ஓரமாய் இறங்கிக் காதுக்குப் போகும். போனது.

சின்னவள் பஞ்சை எடுத்து அந்த ஈரத்தை ஒற்றினாள். இத்தனை நாளாய் தான்தான் அம்மாவை இழந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, வெட்கக்கேடு! இடது பக்கம் நின்றபடியே அக்காவின் நெற்றியில் கையை வைத்து, முடியை மெல்ல மேலே ஒதுக்கிவிட்டாள். காய்ச்சலில் கிடந்தால் அம்மா வைப்பது போல. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "ரெடியா?"

"ரெடி, டாக்டர்" என்றாள் பெரியவள், தங்கைக்கு முந்திக்கொண்டு.

டாக்டரம்மாவுக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பேசிக்கொண்டே மளமளவென்று குத்திவிட்டு, "ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க" என்று போய்விட்டார். அக்காவை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சின்னவள் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கைப் பக்கம் வெள்ளையாய் ஒரு தீற்றல். இடது ஓரத்துப் புள்ளியை அவளே கையால் துடைத்தெடுத்துவிட்டிருக்கிறாள்! டாக்டரம்மா குத்தியது ஒன்பது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினெட்டு வருஷப் பேர் போய்விடுமே என்ற பயம் பாதி. அக்காவின் நெற்றியில் அம்மாவுக்கு ஒரு விரல் இடமாவது மிஞ்சட்டுமே என்ற பைத்தியக்கார எண்ணம் மீதி. ஒரு ஊசி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துத் தசை மட்டும் மருந்தில் உறங்காமல் முழித்திருக்கும். மற்றதெல்லாம் அடங்கிவிட, அது ஒன்று மட்டும் புருவத்தை மேலே இழுக்கும். தெரிந்தும் பேசாமல் இருந்தாள். அந்த இரண்டு வாரம் அக்காவுக்குப் போன் பண்ணவே தைரியம் இல்லை. அக்காவும் பண்ணவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா வந்தாள். முகத்தில் பாதியை மறைக்கிற மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள், கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

நெற்றி மழமழவென்று இருந்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் கேள்வி கேட்டபோது ஒற்றைப் புருவம், ஒன்றே ஒன்று, தனியாக மேலே ஏறி நின்றது.

 சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், அடக்க முடியவில்லை, சிரித்துச் சிரித்து அப்படியே அழுகையாகிவிட்டது. "அக்கா, நான்தான் அக்கா. தெரியாம புள்ளியைக் கையால அழிச்சுட்டேன். அன்னைக்கே தெரிஞ்சுது. சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுடு."

"சிரிக்கிறியா அழறியா, ஒண்ணைப் பண்ணு." அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கேளு. ஆபீஸ்ல ஒருத்தன் வயித்துவலின்னு லீவு கேட்டான். நான் ஒண்ணுமே சொல்லல. சும்மா நிமிர்ந்து பாத்தேன். 'சரி மேடம், வயித்துவலி இல்ல, மச்சானோட வெளிய போறேன்'னு அவனா ஒத்துக்கிட்டான்! வீட்டுல உங்க மாமா, கேக்காமலே வந்து, 'ஆமா, கார்ல கீறல் போட்டது நான்தான்'ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. என்னடா இது, எல்லாருக்கும் திடீர்னு ஞானம் வந்துடுச்சான்னு பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் காலையில பல்லு தேய்க்கப் போனேன்." அக்கா கறுப்புக் கண்ணாடியை மடக்கினாள். "கண்ணாடியைப் பாத்தேன். முறைக்கல. யார் நின்னாங்க தெரியுமா? உன்னோட ஞாயித்துக்கிழமை அம்மா. என்னைப் பாத்து, எனக்காக. ஏதாவது பொய் சொல்லுடின்னு கேக்கற மாதிரி. பிரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டே அழுதேன்டி நான்."

டாக்டரம்மா வந்து பார்த்தார். "அடடே, இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிருச்சே. ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஒரே ஒரு சொட்டு போட்டாச் சரியாயிடும்" என்று ஊசியை எடுக்கத் திரும்பினார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதில் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

"டாக்டர், அது இருக்கட்டும்" என்றாள் பெரியவள்.

"பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி தெரியுமே?"

பெரியவள் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். புருவம் ஏறியது. டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "சரி... எப்படியும் மூணு நாலு மாசத்துல தானா இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்பது போல, "இன்னொரு ஊசி போடறது எனக்கும் அலுப்புதான்" என்று உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சின்னவள் அக்கா வீட்டில்தான். வாயில் வந்த பொய்யையெல்லாம் சொன்னாள். தனக்குச் சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது என்றாள். பக்கத்து வீட்டுப் பூனை பேசியது என்றாள். அக்கா பார்ப்பாள், புருவம் ஏறும், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நாள் போகப் போக ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, எவ்வளவு பெரிய புளுகாய் விட்டும் இரண்டு புருவமும் சேர்ந்துதான் நகர்ந்தன. நடுவில் மெலிசாய்க் கோடும் திரும்ப வந்திருந்தது. கிளம்பும்போது, "வியாழக்கிழமை வரேன்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை பதினொரு மணி. அக்கா வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் மூன்று போட்டோ எடுத்தாள், புருவ நடுவில் ஐந்து, நெற்றியில் நாலு புள்ளி வைத்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஒன்பதோட நிறுத்திட்டேன்க்கா. இந்தத் தடவை டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இல்ல" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "பத்தாவதையும் வை. வச்சுட்டு அன்னைக்கு மாதிரியே கையால அழி. கொஞ்ச நேரம் கையை எடுக்காத."