ராக்காயி வயித்துக்கு ரெண்டு தீர்ப்பு

இருக்கறது ஒரு வயிறு. அதை அறுக்கணும்னுச்சு ஒரு ஆஸ்பத்திரி, ஒண்ணுமே இல்லன்னுச்சு இன்னொரு ஆஸ்பத்திரி. ராக்காயிக்குப் பத்திக்கிட்டு வராம என்ன செய்யும்?

றொசல்ல ஊருப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ அவ. வாரக்கணக்கா வெளிக்குப் போகாம வயிறு கல்லாகிக் கிடந்தா. டவுன் ஆஸ்பத்திரியில, குடல் தள்ளுதான்னு பாக்க, பொடிப்பொடி வளையம் அடைச்ச மாத்திரையை முழுங்க வச்சு, மூணாம் நாள் எக்ஸ்ரே எடுத்தாங்க. வளையமெல்லாம் உள்ளேயே கிடந்துச்சு. குடல் செத்துப்போச்சு, பெருங்குடலை எடுத்துட்டு, மலம் போக வயித்துல பை வச்சிருவோம்னு நாளும் குறிச்சுட்டாங்க. பையைக் கட்டிக்கிட்டு எந்த மலையில ஏறுறது? பயந்துபோய் பஸ் ஏறி ஒரு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினா. அங்கயும் அதே மாத்திரைதான், எக்ஸ்ரே மட்டும் ஏழாம் நாள். ஒரு வளையம்கூட இல்ல. நோவு உன் மனசுலதான், போய்ட்டு வான்னு அனுப்பிட்டாங்க.

நாசமாப் போறவனுங்க, இதுல எவன் சொல்றத நம்புறது? ரெண்டு படத்தையும் சுருட்டிக்கிட்டு, யாழ்ப்பாணத்துலருந்து மாற்றலாகி வந்திருந்த டொக்டரம்மா சிவகௌரிகிட்ட போனா. அவங்க படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க.

"மூண்டாம் நாள் எடுத்தா ஆருக்கும் உள்ளுக்கைதான் கிடக்கும். மற்ற இடத்தில, பேதி மருந்தை நிப்பாட்டச் சொன்னவையோ?"

"யாரும் சொல்லலீங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில குடுத்தத தெனமும் குடிச்சேன்."

"அப்ப அந்த மருந்துதான் வளையத்தைத் தள்ளியிருக்கு. ரெண்டு படமும் குப்பை. ஒவ்வொரு இடத்திலையும் ஒவ்வொரு மாதிரிச் செய்தா இப்பிடித்தான். எல்லாரும் ஒரே முறையில செய்யுங்கோ எண்டு மேலிடத்துக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது."

"அவங்களுக்கு ஒரே மாதிரி செய்யத் தெரியலன்னா என் குடலையா எடுப்பாங்க?" ராக்காயி ஆத்திரத்துல சத்தம் போட்டா.

பேதி மருந்தை நிப்பாட்டி, வளைய மாத்திரையைத் திரும்ப முழுங்க வச்சு, வழக்கம்போல வேலைக்கும் போகச் சொல்லி, டொக்டரம்மா அஞ்சாம் நாள் படம் எடுத்தாங்க. வளையமெல்லாம் கீழ எறங்கி வந்து, ஆசனவாய்க்கு மேல குமிஞ்சு கிடந்துச்சு.

"குடல் நல்லா வேலை செய்யுது. வந்து சேர்ந்ததைத்தான் நீங்கள் வெளியில விடுறியள் இல்லை. வேலை நேரத்தில வந்தா எங்கை போவியள்?"

இத்தனை ஆஸ்பத்திரி ஏறி எறங்கினாளே, ஒருத்தனாவது இதைக் கேட்டானா?

"மலையில கக்கூசு ஏதுங்க? எந்நேரமும் கங்காணி நிப்பாரு. தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்ச நாள்லருந்து அடக்கித்தான் பழக்கம்."

"ஒப்பரேசன் வேண்டாம். ஆனா வந்த உடனை போகவேணும். இன்னும் அடக்கினா, பிறகு உண்மையிலயே குடல் கெட்டுப்போகும்."

மறுநாள் கொழுந்து நிறுக்கற நேரத்துல வயித்த முட்டுச்சு. ராக்காயி கூடையை எறக்கி வச்சா.

"எங்க கெளம்பிட்ட?" மலையை மேய்க்கிற கண்டாக்கு ஐயா கேட்டாரு.

"வெளிக்குப் போறேங்க."

"இப்பவா? அரைப்பேருதான் போடுவேன், பாதிச் சம்பளம்தான், பாத்துக்க."

"போட்டுக்கங்க. உங்களுக்கு ஆபிஸ்ல கக்கூசு கட்டியிருக்கு. எங்களுக்கு மட்டும் வயிறு இல்லையா?"

விறுவிறுன்னு எறங்கி தோட்டத்து ஆபிசுக்கே போனா. கிளாக்கரு எந்திரிக்கறதுக்குள்ள, ஐயாமாரு கக்கூசுக்குள்ள நொழைஞ்சு கொண்டியப் போட்டா. கதவைத் தட்டுனாங்க, சிங்களத்துல ஏசினாங்க, துரைகிட்ட சொல்றோம்னாங்க. சொல்லட்டும்னு உக்காந்திருந்தா.

சாவகாசமா முடிச்சுட்டுத்தான் கதவைத் திறந்தா. வாசல்ல, பக்கத்து நிரையில கொழுந்து பறிக்கிற மீனம்மா நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்குப் பின்னால வரிசையா இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க.