பெட்டி வைத்த வயல்

உமையாள் பார்த்த வேலையை யாருக்கும் விளக்க முடியாது. அவளைப் பெற்றவளுக்கே புரியவில்லை. வயலில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் இழுத்துக் குப்பியில் அடைத்து மதுரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் மண்ணிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பும், அது உலகத்தைச் சூடாக்கும் என்பார்கள். எந்த வயலிலிருந்து எவ்வளவு கிளம்புகிறது என்ற கணக்கில் ராமநாதபுரத்துக்கும் ஒரு எண் இருந்தது. ஆனால் அது ஆறு பாயும் ஊரில், மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் வயலில் எடுத்த எண். இங்கே தண்ணீர் நின்று கிழித்தது! அந்தப் பழைய எண்ணை மாற்றத்தான் 2003-ல் ஒரு திட்டம் வந்தது. அதோடு உமையாளுக்குப் பதினோரு மாத வேலையும் வந்தது. அறிக்கை ஒழுங்காக அமைந்தால் வேலை நீளும் என்று திட்டத்தின் தலைவர் சேதுராமன் சொல்லியிருந்தார்.

அபிராமத்துக்குப் பக்கத்தில் கூத்தையாவின் வயலில்தான் பெட்டி. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் நிலம். பெட்டி உட்காருவதற்காக வயல் மூலையில் ஒரு இரும்புச் சட்டத்தைப் புதைத்திருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பஸ்ஸில் போய் இறங்குவாள். முதல் மாதம் மதுரையிலிருந்து வந்த தாளில் எல்லாம் சுன்னம். என்ன கிடைத்தது என்று கூத்தையா கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். அவருக்கு முகம் தொங்கிப்போகும். தன் வீட்டுக் குழம்பைக் குறை சொன்னதுபோல அவர் மனைவி பஞ்சம்மாளும் நகர்ந்துவிடுவாள்.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்தது. எண் மெல்ல ஏறியது. மழை நின்ற பிறகும் ஏறி, கார்த்திகைக் கடைசியில் பழைய எண்ணைத் தொட்டுவிட்டது. சட்டத்துக்குள் மட்டும் தண்ணீர் நிற்பதை உமையாள் கவனிக்காமல் இல்லை. கேட்டதற்கு, அந்த இடம் பள்ளம் என்றார் கூத்தையா. அவளும் சரியென்று எழுதிக்கொண்டாள். நல்ல எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? சேதுராமனுக்கும் நிம்மதிதான். பழைய எண்ணே சரி என்று எழுதிவிட்டால் மேலிடத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை. சனிக்கிழமை போனாள். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்களைச் சுமந்து வந்த பஞ்சம்மாள் இரண்டையும் சட்டத்துக்குள் ஊற்றினாள். நிமிர்ந்தவள் உமையாளைப் பார்த்ததும் கையும் களவுமாக அகப்பட்டவள்போல நின்றாள்.

"நீ வெறுங்கையோட போனா ஆபீசுல வைவாகள்ல தாயி. அதான் தெனம் ரெண்டு நடை, நாலு குடம்."

தண்ணீர் ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் ஊருணியிலிருந்து வந்தது. குடிக்கிற தண்ணீர். ஒன்றரை மாதமாகச் சுமந்திருக்கிறாள்.

உமையாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பருவத்து வேலை பாழ். பிறகு வெட்கம் வந்தது. பள்ளம் என்று சொன்னவர் கூத்தையாவாக இருக்கலாம், கேள்வி கேட்காமல் விட்டது அவள்தானே. அதற்குள் அவரும் வந்து சேர்ந்தார். இந்த மண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் அதையே எழுதத்தான் வந்திருப்பதாக அவள் விளக்கினாள்.

"ஒண்ணுமில்லேன்னு எழுதவா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றார் அவர், நம்பாமல்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வாயை மூடிக்கொண்டால் வேலை நீளும். வயலைப் பார்க்க வேறு யாரும் வரப்போவதில்லை. அன்று இரண்டு முறை மூடிக்கொள்வதென்றே முடிவும் செய்தாள். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சம்மாளின் கழுத்துதான் தெரிந்தது.

திங்கட்கிழமை படிவத்தை எடுத்தாள். நீர் ஆதாரம் என்ற இடத்தில் மழை, கண்மாய், கால்வாய், கிணறு என்று நான்கு கட்டங்கள். மழையில் தான் போட்டிருந்த குறியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'பஞ்சம்மாள், தலைச்சுமை, தினம் நாலு குடம்.'

சேதுராமன் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தண்ணியில வந்த எண்ண எல்லாம் எடுத்துட்டா அறிக்கைக்கு ஒண்ணும் மிஞ்சாதும்மா. உன் வேலையும் நீளாது. யோசிச்சுத்தான் எழுதினியா?"

யோசித்துத்தான் எழுதியதாகச் சொன்னாள். ஒரு மாதத்துச் சுன்னங்களை வைத்து எந்த எண்ணையும் மாற்ற முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. பழைய எண்ணே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். தையோடு உமையாளின் வேலையும் முடிந்தது.

சட்டத்தைப் பிடுங்கக் கடைசியாக ஒருநாள் போனாள். கூத்தையாவே மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் கொடுத்தார். கடைசியில் என்னதான் எழுதினார்கள் என்று கேட்டார். ஆறு பாயும் ஊரில் எடுத்த பழைய எண்ணையே வைத்துக்கொண்டார்கள் என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப நம்ம வயக்காட்டுல மாசக்கணக்குல தண்ணி நிக்கிதுன்னா எழுதியிருக்காக?"

"ஆமய்யா."

கூத்தையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கருகிய பயிரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"எங்கன தாயி?" என்று கேட்டார்.