பொம்பே மலையில் கொதித்த மொரிஸ்

கார் ஏன் கொதிக்கிறது என்று கேட்டால் தவராசா முதலில் ரேடியேற்றரைச் சொல்வார். பிறகு காரை விற்றவனைச் சொல்வார். அதுவும் எடுபடாவிட்டால் நியூசிலாந்து மலைகளைச் சொல்வார். தன்னை மட்டும் சொல்லமாட்டார். பதினாறு வருடம் குடும்பம் நடத்திய செல்வநாயகிக்கு இது ஒன்றும் புதுச் செய்தியில்லை.

ஆனால் இந்த முறை பொறுத்துப்போக அவளுக்கு நேரமில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவள், ஒக்லாந்துக்கு வந்த இரண்டு வருடமாகத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இருபத்தேழு விண்ணப்பம் போட்டதில் ஒரேயொரு பள்ளிக்கூடம் கூப்பிட்டிருக்கிறது. அதுவும் நகரத்துக்குத் தெற்கே, பொம்பே மலைக்கு அங்கால். காலையில் அந்த நேரத்துக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. கார் வேண்டும். வேலை கிடைத்தால் நாள்தோறும் அந்த மலையை ஏறி இறங்கக்கூடிய காராகவும் இருக்க வேண்டும்.

இருந்ததோ பதின்மூன்று வயது மொரிஸ் கார். வழி பார்த்துவர என்று போன கிழமை கொண்டுபோனபோது பாதி மலையிலேயே புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை, ஹில்ஸ்பரோவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் செபஸ்ரியன் வந்தான். மன்னார்ப் பெடியன், ஹென்டர்சனில் குடியிருப்பு, பஸ் திருத்தும் இடத்தில் வேலை. உடைந்த கார்களைப் பிரித்து விற்கிற இடத்திலிருந்து நல்ல ரேடியேற்றர் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். பழையதைக் கழற்றி நிலத்தில் வைத்ததும் அதன் தகடுகள் கையோடு உதிர்ந்து கொட்டின. உள்ளேயிருந்து வந்த தண்ணீர் இரும்புக் கறள் கலந்து தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"பாத்தியளே ரீச்சர்? உதுதான் வருத்தம்," என்றான் செபஸ்ரியன்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் தவராசா.

புதியதைப் பூட்டி, றப்பர் குழாய்களை மாற்றி, தண்ணீர் நிரப்பி, இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார்கள். சூடு காட்டுகிற முள் பாதிக்கும் கீழே படுத்துக் கிடந்தது. இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு, பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, உலகத்தையே திருத்திவிட்டவர்கள் மாதிரிச் சாய்ந்திருந்தார்கள்.

"மலையில ஓடிப் பாக்காமல் நான் நம்பமாட்டன்," என்றாள் செல்வநாயகி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செபஸ்ரியன் வந்ததும் மூன்று பேருமாகப் புறப்பட்டார்கள். ஓகஸ்ட் மாதக் குளிர். செல்வநாயகி இரண்டு சோடி காலுறை போட்டிருந்தும் பாதம் விறைத்தது.

"இஞ்சேருங்கோ, அந்த ஹீற்றரைப் போடுங்கோவன்."

"போட்டுத்தான் கிடக்கு. உமக்கு எப்பவும் குளிர்தான்."

குளிர்காலம் தொடங்கின நாளிலிருந்து அவர் சொல்லிவந்த பதில் அது. காற்று வந்தது, ஆனால் பச்சைத்தண்ணீர் பட்ட மாதிரி வந்தது. அவள் போர்வையை முழங்காலுக்கு இழுத்துவிட்டாள்.

மோட்டர்வேயில் வேகம் பிடித்து, தட்டை நிலம் முடிந்து ஏற்றம் தொடங்கியதுதான் தாமதம், முள் எழும்பியது. பாதியைத் தாண்டியது. சிவப்பைத் தொட்டது. தவராசா ஓரங்கட்டி நிறுத்த, பொனற்றுக்குள்ளிருந்து ஆவி உஸ்ஸென்று வந்தது. போன கிழமை நின்ற அதே இடம்.

ஆண்கள் இருவரும் பொனற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு தர்க்கம் தொடங்கினார்கள். தண்ணீர்ப் பம்ப் என்றார் தவராசா. செபஸ்ரியன் நாடியைச் சொறிந்தான்.

"எஞ்சின் தலைக்குக் கீழ தண்ணி கசியாமல் வைக்கிற கஸ்கற் போயிருந்தால், அண்ணை, நாளைக்கிடையில ஒண்டும் செய்யேலாது."

"அப்ப பள்ளிக்கூடத்துக்குப் போன் அடிச்சு வேற நாள் கேப்பம்," என்றார் தவராசா. "அதுக்கென்ன, தருவினம்."

"அதுக்கென்னவோ?" அவள் காரிலிருந்து இறங்கிவிட்டாள். "இருபத்தேழு கடிதம் எழுதினது நான். வேற நாள் கேட்டால் வேற ஆளை எடுப்பினம். திரும்பவும் பெட்டி ஒட்டப் போகச் சொல்லுறியளோ?"

லொறிகள் இரைந்துகொண்டு போயின. குளிர் தாங்காமல் அவள் திரும்பவும் காருக்குள் ஏறி, கண்ணாடி முழுக்க மூச்சுப்பட்டுப் படிந்திருந்த பனிப்புகாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இவ்வளவு குளிர், முன்னாலே அவ்வளவு கொதி. இது என்ன கணக்கு? ஊருக்குள் ஓடும்போது சூடேறவே மறுக்கிற எஞ்சின், மலையில் ஏறினால் ஆறமாட்டேன் என்கிறது. எஞ்சினை ஆற்றுவதும் ஹீற்றருக்குச் சூடு கொடுப்பதும் ஒரே தண்ணீர்தான். எப்போது சூட்டைப் பிடித்து வைப்பது, எப்போது ரேடியேற்றருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க ஒன்று இருக்க வேண்டுமே. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"இஞ்சேருங்கோ, உந்தக் காருக்குள்ள தெர்மோஸ்ரற் இருக்கோ?"

தவராசா செபஸ்ரியனைப் பார்த்தார். செபஸ்ரியன் றோட்டைப் பார்த்தான்.

"அது வாங்கின கிழமையே கழட்டிப்போட்டன். ஊரில கார் வாங்கினால் முதல் வேலை அதுதானே."

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் கார் திருத்துகிற எந்தக் கராச்சிலும் அதைத்தான் செய்தார்கள். வெயில் நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்கிற சாமான் எதற்கு? அதைக் குறையென்று யாரும் நினைத்ததில்லை. அதனாலேதான் இரண்டு நாளாக எஞ்சினைக் குடைந்த இரண்டு பேருக்கும் அது நினைவிலேயே வரவில்லை.

"என்ர காரிலயும் இல்லை ரீச்சர்," என்றான் செபஸ்ரியன். "அது ஒரு நாளும் கொதிக்கேல்லையே."

"நீர் வேலைக்கும் கோயிலுக்கும் ஓடுறனீர். எந்த மலை ஏறினீர்? இஞ்ச வாரும்."

புகார் படிந்த முன் கண்ணாடியில் அவள் விரலால் படம் கீறினாள். ஒரு பெட்டி எஞ்சின், ஒரு பெட்டி ரேடியேற்றர், இடையில் பெரிய குழாய், பக்கத்தில் சின்னக் குழாய்.

"தெர்மோஸ்ரற் ஒரு கதவு. தண்ணி குளிராயிருந்தால் பெரிய குழாயைப் பூட்டும். சூடானால் பெரிசைத் திறந்து, சின்னதை அடைக்கும். இப்ப கதவே இல்லை. ஊருக்குள்ள ஓடேக்க, சூடேற முதலே தண்ணி ரேடியேற்றருக்குப் போய் ஆறுது. மலையில ஏறேக்க, கொதிச்ச தண்ணியில ஒரு பங்கு சின்னக் குழாயால சுத்தித் திரும்ப எஞ்சினுக்கே போகுது. ரேடியேற்றருக்கு வந்தால்தானே ஆறும்?"

"அப்ப ஊரில நாங்கள் வைச்சிருந்த மொரிஸ் மைனர் ஏன் கொதிக்கேல்லை?" என்றார் தவராசா விடாமல்.

"அது சந்தைக்குப் போய் வந்த கார். மலையைக் கண்டதோ?"

செபஸ்ரியன் வாய்விட்டுச் சிரித்தான். தவராசாவுக்கு முகம் சுண்டிப்போனது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் விட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமான் கடையும் திறக்காது. இனி எங்கே போவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, தவராசா கராச்சுக்குள் போய்ப் பழைய பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆணி, வாசர், உடைந்த பூட்டு எல்லாவற்றுக்கும் அடியில், பேப்பரில் சுற்றியபடி அந்தத் தெர்மோஸ்ரற் கிடந்தது. எதையும் எறியாத மனிதர் என்று எத்தனை தரம் அவரைத் திட்டியிருக்கிறாள்! அன்றைக்கு அந்த ரின்னைக் கும்பிடலாம் போலிருந்தது.

"பொறுங்கோ, வேலை செய்யுதோ எண்டு முதல்ல பாப்பம்."

பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்ரற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஜாம் காய்ச்சுகிற வெப்பமானியைப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டு ஆண்களும் சட்டிக்கு மேலே குனிந்து நின்றார்கள். எழுபதில் அசையவில்லை. எண்பதில் அசையவில்லை. எண்பத்துமூன்றில் மெல்ல வாய் திறந்தது.

"அட, திறக்குதடாப்பா!" என்றார் தவராசா சின்னப் பிள்ளை மாதிரி.

அட்டைப்பெட்டியில் கஸ்கற் வெட்டி, பொழுதுபடமுன் தெர்மோஸ்ரற்றைப் பூட்டி முடித்தார்கள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். ஓனிஹங்காவைத் தாண்டுவதற்குள் செல்வநாயகியின் காலில் இளஞ்சூட்டுக் காற்று பட்டது. ஏற்றம் வந்தது. முள் நடுவிலே நின்றது. இரண்டு தரம் நின்ற இடம் வந்தது, போனது. உச்சியையும் தாண்டினார்கள்.

பத்தேகாலுக்கு அவள் வெளியே வந்தபோது மொரிஸ் பள்ளிக்கூட வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. தவராசா அவசரமாக எட்டிக் கதவைத் திறந்தார்.

"என்னவாம்?"

"அடுத்த தவணையிலயிருந்து வரட்டாம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஸ்ரியறிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகுதான் அவள் கவனித்தாள்.

"நிப்பாட்டி வைக்காமல் என்னத்துக்கு எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருக்கிறியள்? பெற்றோல் சும்மாவே வருது?"

தவராசா கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீர் வெளியில வரேக்க உமக்குக் குளிரும் எண்டுதான்," என்றார்.