எருமைக் கழுத்தின் மடிப்பு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நீள மேசையின் தலைமாட்டில், தச்சர்களின் தெய்வமான லு பான் சாமி படத்துக்குக் கீழே, தலைவர் கூ. அவருக்கு வலப்பக்கம் செயலாளர் ச்சியூ. தேநீர் ஊற்றுவதும் அவரே என்பதால் கெட்டில் அவர் முழங்கையருகில். இடப்பக்கம், தைச்சுங் நகரத்திலிருந்து காலை ரயிலில் வந்த போட்டி நடுவர் ஷென் அம்மையார். அவருக்கு அடுத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, புகார் கொடுத்த லாய். லாய்க்கு நேர் எதிரே என் கணவர் தூ ஜிங்-யுவான். ஆறாவது ஆள் நான், பெங் ருவெய்-லான். எனக்கு மேசையில் இடமில்லை. கதவோரம் முக்காலி, மடியில் கூட்டக் குறிப்பு நோட்டு. எங்கள் ஊர் மரச் சிற்பிகள் சங்கத்தில் யார் எழுதினாலும் மற்றவருக்குப் படிக்க வராது. அதனால் ஒன்பது வருஷமாகக் குறிப்பு எழுதுவது நான்தான்.

மேசை நடுவில் எருமை படுத்திருந்தது.

அதைப் பற்றித்தான் கூட்டம். ஒரே கற்பூர மரக் கட்டையில் செய்தது. சேற்றில் படுத்தபடி தலையைத் திருப்பித் தன் முதுகையே பார்க்கிறது. திரும்பிய கழுத்தில் ஏழு மடிப்பு. இந்த வருஷம் முதல் பரிசு அதற்குத்தான். புதிதாகக் கட்டியிருக்கும் ஊர்க் காட்சிக்கூடத்தின் வாசலில் நிரந்தரமாக வைப்பார்கள். அடியில் பித்தளைத் தகடு, அதில் செய்தவர் பெயர்.

போட்டியின் நான்காவது விதி, பொருள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கைவேலையாக இருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். பெயருக்கு ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். "உன் பேரை எங்க எழுதுறது, எடமே இல்லையே. பரிசு வரட்டும் லான், தகட்டுல ரெண்டு பேரையும் போட்டுருவோம்" என்றார் ஜிங்-யுவான். நான் அவர் பெயரை மட்டும் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். படிக்காமலே வைத்தார். எங்கள் வீட்டில் வரி, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாக் காகிதமும் அப்படித்தான்.

என் வேலை என்ன என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். உளியும் கத்தியும் அவருடையவை. உளி போன இடமெல்லாம் செதில் செதிலாக நிற்கும். அந்த நிலையில் கட்டை என் பக்கம் வரும். பட்டறைக் கூரையிலிருந்து ஒரு மோட்டார் தொங்குகிறது. அதிலிருந்து வளையக்கூடிய குழாய் ஒன்று இறங்கி, நுனியில் தடித்த பேனா மாதிரி ஒரு கைப்பிடி. அதில் உப்புத்தாள் சக்கரத்தை மாட்டுவேன். சின்னக் கம்பியைச் சுற்றி உப்புத்தாள் துண்டுகளை இதழ் இதழாக ஒட்டியிருக்கும். சுற்றும்போது ஒவ்வொரு இதழும் மரத்தைத் தட்டிவிட்டுப் போகும். சொரசொரப்பான எண்பதாம் நம்பரில் தொடங்கினால் நைசான முந்நூற்றிருபதில் முடியும். எருமைக்கு ஆறு வாரம் ஆனது, பெரும்பகுதி கழுத்துக்கே.

புதுச் சக்கரத்தை நேராக வேலையில் வைக்கக் கூடாது. இதழ் ஓரம் கத்தியாக இருக்கும், கோடு போட்டுவிடும். உடைந்த ஓட்டுத் துண்டில் கொஞ்சம் ஓடவிட்டு, ஓரம் நைந்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். வேகமும் ஆகாது. வேகம் கூடினால் இதழ்கள் விறைத்துக்கொள்ளும், மடிப்புக்குள் நுழையாது, மரம் கருகும். இதெல்லாம் ஜிங்-யுவானுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வரவில்லை.

லாய்தான் முதலில் பேசினார். "சுத்தி வளைக்க வேணாம். எருமையைச் செஞ்சது தூ. அதுக்குத் தோலைப் போத்துனது அவன் பொண்டாட்டி. ஊருக்கே தெரியும்."

"ஊருன்னா யாரு? நீயும் உன் மச்சானுமா?" என்றார் ஜிங்-யுவான்.

"மத்தியானத்துல உன் பட்டறைப் பக்கம் வந்தா முகமூடி போட்டுக்கிட்டு மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறது யாரு? உன் பாட்டனா?"

"அவ தூசி தட்டுவா. டீ போடுவா. முகமூடி இல்லாம எவனாச்சும் தூசி தட்டுவானா?"

ச்சியூ சிரித்துக்கொண்டே லாயின் கோப்பையை நிரப்பினார். "லாய் அண்ணே, ரெண்டாம் பரிசு வாங்குச்சே உன் ஆந்தை, அதுக்கு றெக்கை அம்புட்டு மழமழப்பா இருக்கே, யாரு தேச்சது? அண்ணி வெரலெல்லாம் வெளுத்துப் போயி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாங்களே, அது தூசி தட்டியா?"

"அது வேற விஷயம்."

எல்லோரும் சிரித்தார்கள். லாயும் சேர்ந்து சிரித்தார். 'அது வேறு விஷயம் என்றார் திரு. லாய்' என்று நோட்டில் எழுதினேன். மெஷின் அதிர்வில் என் வலது கையிலும் இரண்டு விரல் மரத்துப் போயிருக்கின்றன; குளிர் காலத்தில் அப்படித்தான் வெளுக்கும்.

சிரிக்காதவர் ஷென் ஒருவர்தான். எருமைக் கழுத்து மடிப்புக்குள் சுண்டுவிரலை விட்டு மெல்ல ஓட்டிப் பார்த்தார். "செதுக்கினது நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாதிரி எருமை உங்க தெருவுலயே முப்பது நிக்குது. நான் மார்க் போட்டது இந்தக் கழுத்துக்கு. இப்பத்தான் தண்ணி வடிஞ்ச மாதிரி இருக்கு. இதை எப்படிச் செஞ்சீங்க?"

"எல்லாம் பழக்கம்தாங்க, மேடம்."

"எந்த நம்பர்ல முடிச்சீங்க?"

"நைசு நம்பர்லதான்."

என் வேலையை ஒருவர் மேசையில் வைத்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். காது மடல் சூடாகிவிட்டது. குனிந்துகொண்டேன்.

"அப்போ ஒரே ஒரு மடிப்பு செஞ்சு காட்டிருங்க. லாய்க்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார் ஷென்.

சங்கம் பயிற்சி நடத்தும் பக்கத்து வகுப்பறையிலிருந்து மோட்டாரைத் தூக்கி வந்து ஜன்னல் கம்பியில் மாட்டினார்கள். ஒரு கற்பூரத் துண்டில் ச்சியூவே உளியால் இரண்டு பள்ளம் எடுத்துக் கொடுத்தார். சக்கரங்கள் பிரிக்காத பொட்டலத்தில் இருந்தன. ஜிங்-யுவான் ஒன்றை உருவி மாட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில் காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'கத்திரிக்கோல் எங்கே' என்று வீட்டில் பார்ப்பாரே, அதே பார்வை. 

ஒரு வார்த்தை போதும். ஓட்டுத் துண்டு ஜன்னல் விளிம்பிலேயே கிடந்தது. நான் நோட்டைப் பார்த்து எழுதினேன்: 'நூற்றிருபதாம் நம்பர் புதுச் சக்கரம் மாட்டினார்.'

பெடலை ஒரே மிதியாக மிதித்தார். சக்கரம் வீல் என்று கத்தி, மடிப்பின் உதட்டைக் கடித்து ஒரு பள்ளம் வெட்டியது. அதைச் சரிசெய்ய அங்கேயே அழுத்தினார். கற்பூரப் புகை கிளம்பி, அறை முழுக்கக் கோயில் வாசனை. துண்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கருப்பு.

லாய் தொண்டையைச் செருமினார்.

"மெஷினு சரியில்ல. பெடல் இழுக்குது" என்றார் ஜிங்-யுவான்.

"ஆமாமா, அந்த மெஷின் ரொம்ப நாளாவே தகராறுதான்" என்றார் தலைவர் கூ. போன மாதம்தான் அதை வாங்கினார்கள். வாங்க ஒப்புதல் கொடுத்த கூட்டத்துக்கும் குறிப்பு எழுதியவள் நான்.

ஷென் கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாக்கறீங்களாம்மா?"

"அவங்க மினிட்ஸ் எழுத வந்தவங்க, மேடம்" என்றார் கூ.

"அவங்களைத்தான் கேட்டேன்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜிங்-யுவானின் கழுத்தில் வியர்வை இறங்கியது. எழுந்து போயிருந்தால் கால் மணி நேரத்தில் அந்த மடிப்பைத் தண்ணீராக்கிக் கொடுத்திருப்பேன். "எனக்கு மெஷின் தெரியாதுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. வாய் பழகிவிட்டிருந்தது.

கூ தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "முடிஞ்சுது விஷயம். செஞ்சு பாத்ததெல்லாம் குறிப்புல வேணாம், அக்கா. அடிச்சுருங்க. நீங்களே ஒரு கடிதம் கொடுத்துருங்க. அந்தப் பொருளை நான் தொடவே இல்லைன்னு. உங்க முத்திரை, தூ அண்ணன் முத்திரை, ரெண்டும் வேணும்."

"கடிதம் சங்கத்துக்கு வேண்டாம். நேரா எனக்கு வரட்டும். அதுல என்ன இருக்கோ அதுதான் என் முடிவு" என்றார் ஷென். தன் முகவரியை என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது சின்ன லாரியின் முன்கண்ணாடியில் சாலையோரத் துங் மரங்களின் பூ உதிர்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டே வந்தது. ஜிங்-யுவான் துடைப்பானைப் போட்டுப் போட்டு நிறுத்தினார்.

"சக்கரம் புதுசுன்னு ஒரு கண்ணைக் காட்டியிருக்கலாம்ல?" என்றார்.

"காட்டியிருந்தா?"

"மானம் போயிருக்காது."

"யாரு மானம்?"

துடைப்பானை மறுபடி போட்டார். ரயில் கேட் மூடியிருந்தது. நிறுத்தினோம்.

"கடிதம் எழுதுறேன், ஜிங்-யுவான். தகட்டுல என் பேரு வரும்ல?"

"இன்னும் அதையேவா நெனச்சுக்கிட்டிருக்க? தகடு போன வாரமே வெட்டியாச்சு. ச்சியூவோட தம்பி கடையில."

"யாரு பேரு போட்டு?"

"விண்ணப்பத்துல எந்தப் பேரு இருக்கோ அந்தப் பேருதான். நீதானே எழுதுன." பிறகு ஞாபகம் வந்தவர் போல, "அடுத்த எருமைக்குப் போட்டுக்கலாம்" என்றார்.

போன வாரம். அப்போது புகாரே வந்திருக்கவில்லை. விதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட் திறந்தது, போனோம்.

வெள்ளிக்கிழமை காலை, பாத்திரம் கழுவி முடித்து, பட்டறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது.

'எருமையின் உருவத்தை எடுத்தவர் என் கணவர் தூ ஜிங்-யுவான். அதில் நான் கத்தி வைக்கவில்லை. பிப்ரவரி பதினொன்று முதல் மார்ச் இருபத்தைந்து வரை அதன் முழு மேற்பரப்பையும் உப்புத்தாள் சக்கரத்தால் தேய்த்தவள் நான். கழுத்தின் ஏழு மடிப்புக்கும் வரிசையாக எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்று நாற்பது, முந்நூற்றிருபது எண்கள். வியாழக்கிழமை எனக்கு மெஷின் தெரியாது என்று சொன்னது பொய். விண்ணப்பத்தில் ஒருவர் கைவேலை என்று நிரப்பியதும் நான்தான். அதுவும் பொய்.'

இரண்டு முறை படித்தேன். லாயின் ஆந்தையைப் பற்றி எழுதவில்லை. அது அவர் மனைவி எழுத வேண்டியது. 

என் முத்திரையை வைத்தேன். பிறகு கடிதத்தை அவருடைய உளிப்பலகைக்குக் கொண்டுபோய், திருப்பி அவர் பக்கமாக வைத்து, மேலே அவருடைய கண்ணாடியையும் வைத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். படிச்சுப் பாரு."

"நீ எழுதுனதைப் படிச்சுப் பாத்துத்தான் இத்தனை வருஷம் முத்திரை குத்துனேனா?" கண்ணாடியை ஒதுக்கிவிட்டு இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தார்.

"இதைப் படி, ஜிங்-யுவான். என்னைப் பத்தி எழுதியிருக்கேன்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா? எங்க வைக்கணும், சொல்லு. ஒன்பதரைக்கு மர லாரி வந்துரும்."

விரலால் காட்டினேன். சிவப்பு மையில் ஒற்றி, என் முத்திரைக்குப் பக்கத்தில் அழுத்தினார். அவர் பெயரும் என் பெயரும் ஒரே அளவில், ஒட்டினாற்போல் விழுந்தன. வாயால் ஊதிக் காய வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

பரிசு போகும். எருமை திரும்பி வந்து பட்டறை மூலையில் படுத்துக்கொள்ளும். தினமும் அதைத் தாண்டித்தான் இருவரும் நடக்க வேண்டும். தெருவில் பாதி வீட்டில் என்னோடு பேச மாட்டார்கள். இதையெல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டுதான் கடிதத்தை மூன்றாக மடித்தேன். ஓரத்தை நகத்தால் நீவினேன்.

தபால் அலுவலகம் நான்கு கடை தள்ளி. அங்கே உள்ள பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு உறையின் நாக்கில் தடவினேன். மரத்துப்போன விரல் என்பதால் பசையின் குளிர் தெரியவில்லை. அழுத்தி ஒட்டி, பதிவுத் தபாலுக்கு நீட்டினேன். அனுப்புநர் இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். கவுண்டர் பெண் அதை வாய்விட்டுப் படித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைத் தைச்சுங் பைக்குள் போட்டாள்.