இடது கைக் கோலம்

முனிசிபல் எங்களுக்கு இந்தப் புது வீடுகளைக் கட்டிக் கொடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. காஜா பேராங் ரோட்டு ஓரத்தில், வயல் தொடங்கும் இடத்தில், மொத்தம் நாற்பது வீடுகள். சிமெண்டுத் தரை, வீட்டுக்கு வீடு குழாய். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வீடுகளைப் பார்வையிட வருகிற ஆளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"சிமெண்டுல சுண்ணாம்பக் கொட்டி ஏம்மா நாசம் பண்றே?" என்று மாதத்துக்கு ஒரு தரம் கேட்பார். நானும் மாதத்துக்கு ஒரு தரம் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையான காரணத்தை அவரிடம் சொன்னதில்லை.

இதே இடத்தில்தான் சண்டைக் காலத்தில் பழைய லயம் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே வரிசையில் பத்துக் கதவுகள். குடியிருந்த எல்லாரும் முனிசிபலுக்கு ரோடு கூட்டுகிறவர்கள். ஜப்பான்காரன் வந்த அடுத்த வருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். என் புருஷன் சுப்பையனும் ஏழாம் நம்பர் சேதுபதியும் ஒரே லாரியில் போனார்கள்.

"மூணே மாசம், வந்துருவேன். நீ இங்கயே இரு பூங்காவனம்," என்றார் அவர். நானும் இருந்தேன்.

மற்றவர்கள் இருக்கவில்லை. அரிசிக்கு வழியில்லாமல், சொந்தக்காரர்கள் இருந்த தோட்டங்களுக்கு மரவள்ளி நடப் போனார்கள். சேதுபதியின் பெண்டாட்டி கமலவேணி மட்டும் என்னோடு தங்கினாள். அவளும் காய்ச்சல் கண்டு ஆறே நாளில் போய்விட்டாள். பத்துக் கதவுக்கு நான் ஒருத்தி மிஞ்சினேன். பேச ஆள் இல்லாமல், வேகாத கிழங்கைத் திட்டிக்கொண்டே வேகவைப்பேன். அதுவாவது காது கேட்கட்டும் என்று சத்தமாகத் திட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கருணாகரன் வந்தார். ஆள் இல்லாத லயங்களைப் பிரித்துப் பலகையையும் தகரத்தையும் எடுத்துப்போக உத்தரவாம்.

"இங்க எத்தினி வீடு கோசோங்?" என்று மலாய் கலந்து கேட்டார்.

"ஒண்ணுகூட காலி இல்லீங்க. எல்லாம் கிழங்கு நடப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

"அடுத்த மாசம் வருவேன். பாதிக்கு மேல கோசோங்னா பிரிச்சுருவோம், பாத்துக்க."

லயம் போய்விட்டால் சுப்பையன் எங்கே வருவார்? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த விலாசம் இந்தக் கதவு ஒன்றுதான்.

காய்ச்சல் கண்ட லயம் என்று கிராணி கிட்டே வர மாட்டார். ரோட்டில் சைக்கிளை நிறுத்தி அங்கிருந்தே பார்ப்பார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. அவரவர் விட்டுப்போன கந்தல்களைத் துவைத்து ஒவ்வொரு வாசலிலும் காயப்போட்டேன். வாசல்தோறும் கோலம் போட்டேன். அரிசி மாவுக்கு எங்கே போவது? பண்டார் ஹிலிர் கடற்கரைக்கு நடந்து போய்க் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, சுட்டு இடித்தேன். போக வர அரை நாள் ஆகும்.

எல்லாம் ஒரே கையாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அவரவர் போடுகிற மாதிரியே போட்டேன். தெய்வானை சோம்பேறி, நாலு புள்ளியோடு முடித்துவிடுவாள். சந்திரமதிக்கு எப்போதும் தாமரைதான். கமலவேணி இடது கைக்காரி. அவள் இழையெல்லாம் எதிர்ப்பக்கம் சுழிக்கும், கடைசிச் சுழி வாசற்படி மேலேயே ஏறிவிடும். அவள் வாசலில் மட்டும் நானும் இடது கையால் போட்டுப் பழகினேன். பொடி ஒன்பது வாசலுக்கே இழுபறி. ஆள் இருக்கும் வீட்டுக்கு எதற்கு என்று என் வாசலை விட்டுவிட்டேன்.

கிராணி மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார். நம்பினாரோ, பரிதாபப்பட்டாரோ தெரியாது. லயம் பிழைத்தது. எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட வந்தது.

பிறகு ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்றார்கள். அடுத்து வருகிறவன் என்ன செய்வானோ என்று நான் கோலத்தை நிறுத்தவில்லை. ஒரு நாள் காலை பின்பக்கம் கிளிஞ்சல் இடித்துக்கொண்டிருந்தேன்.

"கமலம்! ஏ கமலம்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஏழாம் நம்பர் வாசலில் எலும்பும் தோலுமாக சேதுபதி. இடுப்பில் சாக்கு, காலெல்லாம் புண். அந்தக் காலோடு கோலத்தை மிதிக்காமல் தாண்டி நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"கமலம் எங்கக்கா? தண்ணிக்குப் போயிருக்காளா? ரோட்டுலயே பாத்துட்டேன். அவ கை! வேற எவ இப்படிப் போடுவா?"

 "நான்தாண்டா போட்டேன். அவ போயி ஒரு வருஷமாச்சு," என்றேன்.

அவன் நம்பவில்லை. சிரித்தபடியே என்னைப் பார்த்தான். வேறு வழி தெரியாமல் பொடியை எடுத்து, அவன் கண் முன்னால் இடது கையால் அந்தக் கடைசிச் சுழியைப் போட்டுக் காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவன் அழுது ஓய்ந்த பிறகுதான் சுப்பையனைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணன வேற கேம்புக்கு மாத்திட்டாங்க. சண்ட முடிஞ்சதும் மொத ரயில்லயே ஏறிட்டாருன்னு சொன்னாங்களே. இன்னுமா வரல?"

"வரலியே."

அவன் என் கதவைத் திரும்பிப் பார்த்தான். "எல்லா வாசல்லயும் கோலம் இருந்துச்சு. உங்க வாசல் மட்டும் மொட்டையா இருக்கவும், நீங்கதான் எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சேன்கா."

சுப்பையனும் வந்து, மொட்டை வாசலைப் பார்த்து அப்படியே நினைத்துத் திரும்பியிருந்தால்? தட்டிப் பார்க்காமலா போயிருப்பார் என்று கேட்பீர்கள். தட்டியிருந்தாலும் நான் பாதி நாள் கடற்கரையில் அல்லவா கிடந்தேன்? அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்ல அந்தப் பத்துக் கதவில் ஒரு ஆள் இல்லை. அவர் வந்தாரா, வழியிலேயே விழுந்தாரா, இன்றுவரை தெரியாது.

சேதுபதி இரண்டு நாள் இருந்தான். "இனிமே என் வாசல்ல போடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டு ஏதோ தோட்டத்துக்குப் போனான். அன்றிலிருந்து என் வாசலில் மட்டும்தான் போடுகிறேன். லயத்தைப் பிரித்து இந்த வீடுகளைக் கட்டியபோதுகூட, ரோட்டைப் பார்த்த வீடுதான் வேண்டும் என்று ஆபீசில் சண்டை போட்டு வாங்கினேன். ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி பெரிதாகப் போடுகிறேன். சிமெண்டு நாசமானால் ஆகட்டும்.

கடைக்குக் கிளம்பினால் பக்கத்து வீட்டு ஜெயாவிடம் தவறாமல் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

"யாராச்சும் என்னயக் கேட்டு வந்தா உக்காரச் சொல்லு. இங்கதான் இருக்கா, இதோ வந்துருவான்னு சொல்லு."